வாயகன்ற பிழாவும் ஐஸ் பெட்டியும்

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் தன் கார் ஷெட்டில் பீர் தயாரித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பாத்திரம்தான் என்னை நிற்க வைத்தது. கடற்கரைக்கும் பூங்காவுக்கும் போகிறவர்கள் குளிர்பானம் வைத்து எடுத்துப் போவார்களே, அந்தத் தடித்த பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி. வட்டமாக, 38 லிட்டர் பிடிக்கும். அடியில் இருந்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் குழாய் மாட்டியிருந்தார். உள்ளே, குழாயின் வாயில், எஃகுக் கம்பி வலையால் ஆன ஒரு சுருள். அதுதான் வடிகட்டி.

முளைக்கட்டி, காயவைத்து, ரவை மாதிரி உடைத்த பார்லி 5 கிலோவை அதில் கொட்டி, சுமார் 15 லிட்டர் வெந்நீர் ஊற்றிக் கிளறி மூடினார். உள்ளே சூடு 66 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். "ஐஸ் பெட்டியில் வெந்நீரா?" என்று கேட்டேன். "குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் விடாது" என்று சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து அளந்தபோது ஒரு டிகிரிதான் இறங்கியிருந்தது. பிறகு குழாயைத் திறந்து, முதலில் கலங்கலாக வந்ததைத் திரும்ப மேலேயே ஊற்றி, தெளிந்து வரத் தொடங்கியதும் பிடித்தார். என் கையில் ஒரு கரண்டி ஊற்றினார். பாகு மாதிரித் தித்திப்பு. அதில் இன்னும் சாராயம் இல்லை. ஈஸ்ட் சேர்த்துப் பல நாள் வைத்த பிறகுதான் அது பீர்.

நான் குடிப்பவன் அல்ல. ஆனால் 34 வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்தப் பெட்டி எனக்கு நன்றாகவே புரிந்தது. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு மாவைத் தின்னத் தெரியாது, சர்க்கரையைத்தான் தின்னும். மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி, முளைவிட்ட தானியத்தில் தானாகவே உண்டாகிறது. 1833-இல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதை முளைப் பார்லியிலிருந்து பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த நொதி 65 டிகிரிக்குப் பக்கத்தில் மும்முரமாக வேலை செய்யும். ஆறிப்போனால் சோம்பும், அதிகம் சுட்டால் செத்துவிடும். குளிர்ந்த தேசத்தில் ஒரு மணி நேரம் சூடு இறங்காமல் காப்பதுதான் பெரிய பாடு. அதற்குத்தான் ஐஸ் பெட்டி.

அமெரிக்காவிலேயே இது வெகு காலம் குற்றமாக இருந்தது. அங்கே மதுவிலக்கு 1933-இல் போனது. ஆனால் வீட்டில் பீர் செய்வதற்கு மட்டும் அனுமதி வரவில்லை. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான், வீட்டுக்கு வருடம் 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசின் சட்டம் விட்டது. சாராயம் வடிப்பதற்கு அந்தச் சட்டம் அனுமதி தரவில்லை. நொதிக்க வைப்பது வேறு, வடிப்பது வேறு என்று அவர்கள் கோடு கிழித்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று இரவு படுத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் காஞ்சிபுரத்துக்கு வரும் பழைய வழி.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை நமக்குச் சொந்தமான பாட்டு. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், 500 அடிகள். உ.வே.சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டதால்தான் நம் கைக்கு வந்தது. வழியில் எந்த ஊரில் யார் இருப்பார்கள், சாப்பிட என்ன கொடுப்பார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார் புலவர். வலைஞர் குடியிருப்புக்கு வரும் இடத்தில், அரிசியில் கள் சமைக்கும் முறையை அடுக்கடுக்காகச் சொல்லிவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகப் படித்தேன்.

முறை இதுதான். தீட்டாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவி வேகவைக்க வேண்டும். அதை வாயகன்ற பிழாவில் கொட்டி ஆறவைக்க வேண்டும். பிழா என்பது தட்டுப் போன்ற அகலமான பாத்திரம். ஆறியதும் நல்ல அடையைச் சேர்த்துப் பிசைய வேண்டும். அந்த அடையின் மேற்புறம் எப்படி இருக்கும் என்றால், பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கிற குரும்பி போல இருக்குமாம். பிறகு இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து இனிப்பு ஏறவிட்டு, உறுதியான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை முதிரவிட வேண்டும். கடைசியில் விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்ட வேண்டும். வழி நடந்து களைத்த பாணனுக்கு அதைச் சுட்ட மீனோடு தருவார்கள்.

கிட்டத்தட்ட 1,800 வருடத்துக்கு முந்தைய சமையல் குறிப்பு இது. பாத்திரம், பக்குவம், நேரம் மூன்றும் இருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்தது பிழாதான். அமெரிக்கக்காரர் சூடு போகாமல் இருக்கப் பெட்டி தேடினார். நம் ஊர்ப் பெண் சூடு சீக்கிரம் போக வாயகன்ற பாத்திரம் தேடினாள். பாலாற்றங்கரை வெயிலில் களி தானாக ஆறாது. ஆறாத களியில் அடையைப் போட்டால் அடையில் உள்ள உயிர் செத்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் வேறு கிருமி புகுந்து புளித்துவிடும். ஆகவே பரப்பி வைத்துச் சீக்கிரம் ஆற்றினார்கள். அங்கே ஐஸ் பெட்டி செய்த வேலையை இங்கே பிழா தலைகீழாகச் செய்தது.

அடை என்றது எதை? முளைவிட்ட நெல் என்று கொண்டாலும் சரி, அரிசி மாவைப் பூஞ்சை பிடிக்கவைத்த உறை அடை என்று கொண்டாலும் சரி, வேலை ஒன்றுதான்: மாவைச் சர்க்கரையாக்குவது. குரும்பி என்ற உவமையைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. புற்றுக்குள் வெளுப்பாக, துளை துளையாக இருக்கும் குரும்பி, கறையான் தனக்காகப் பூஞ்சை வளர்க்கும் தோட்டம். அதை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூஞ்சை பூத்த அடைக்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உவமை சொல்ல முடியாது.

இந்த முறை இன்றும் இந்தியாவில் உயிரோடு இருக்கிறது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சந்தால், முண்டா மக்கள் ராணு என்ற மூலிகை மாவு உருண்டையைச் சோற்றில் கலந்து ஹண்டியா செய்கிறார்கள். அசாமிலும் அருணாசலத்திலும் அபோங். அசாமின் திமாசா மக்கள் செய்யும் ஜுடிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. எல்லா இடத்திலும் சோற்றைப் பரப்பி ஆறவைக்கிறார்கள், உருண்டையைப் பொடித்துத் தூவுகிறார்கள், பானையில் மூடுகிறார்கள். பெரும்பாலும் செய்கிறவர்கள் பெண்கள்.

பெரும்பாணாற்றுப்படையிலும் அப்படித்தான். வீட்டில் நெல்லால் செய்யும் கள்ளுக்குத் தோப்பி என்று அதில் ஒரு தனிப்பெயரே இருக்கிறது. கடற்கரைப் பட்டினத்தைச் சொல்லும்போது, கள் சமைக்கும் மகளிர் வட்டில் கழுவி ஊற்றிய நீர் தேங்கிச் சேறாகி, அதில் பன்றிகள் புரள்வதைக் காட்டுகிறார் புலவர். அடுக்களை வேலையாக, கழுவி ஊற்றுகிற வேலையாக அது இருந்திருக்கிறது. வீட்டில் செய்தது, விருந்தாளிக்குக் கொடுத்தது, இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோனது. மறைக்க எதுவும் இல்லை.

சில நூற்றாண்டு கழித்துக் காட்சி மாறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற வடமொழிச் சிரிப்பு நாடகம் நம் காஞ்சித் தெருவிலேயே நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் போதையில் தள்ளாடி வருகிறார்கள். கையில் இருந்த கபாலம் காணோம். ஒரு புத்த பிக்குவைப் பிடித்து நீதான் திருடினாய் என்கிறான். கடைசியில் அதைத் தூக்கிப் போனது நாய், திருப்பிக் கொண்டுவந்தவன் பைத்தியக்காரன். திருவனந்தபுரத்தில் த.கணபதி சாஸ்திரி 1917-இல் இந்த நாடகத்தை அச்சிட்டார். நமக்குப் பக்கத்தில் உள்ள மாமண்டூர்க் குகைக் கல்வெட்டிலும் இதன் பெயர் இருக்கிறது. அந்த நாடகத்தில் மதுக்கடை வருகிறது. காபாலிகன் அதை யாகசாலையோடு ஒப்பிட்டுக் கேலியாக வர்ணிக்கிறான். வீட்டுச் சாடி போய்க் கடை வந்துவிட்டது. களைத்தவனுக்குக் கொடுத்தது போய், காசுக்குக் குடித்துத் தெருவில் சண்டை போடுவது வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் கடை அரசாங்கத்தின் கருவூலம் ஆனது. 1886-இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. குத்தகை எடுத்தவன் கடை வைக்கலாம். உரிமம் இல்லாமல் யாரும் எதையும் செய்யக்கூடாது. வீட்டுப் பானைக்குக் குற்றம் என்று பெயர் வந்தது ஒழுக்கத்துக்காக அல்ல, வருமானத்துக்காக.

1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது முன்னால் நின்றவர்களில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இருந்தார்கள். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு காலத்தில் கள் சமைத்த கையும் பெண் கைதான். கள்ளுக்கடையை மறித்த கையும் பெண் கைதான். இரண்டுக்கும் நடுவில் மாறியது என்ன? குடிக்கிற பொருள் வீட்டை விட்டுப் போனது. அளவு அவள் கையை விட்டுப் போனது. கூலிக் காசு மட்டும் அவள் வீட்டிலிருந்து போனது.

ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். முதல் மந்திரி ஆனதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். 1948 அக்டோபர் 2-இல், ஓமந்தூரார் காலத்தில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. நம்மூர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதும் அதைத் தளர்த்தவில்லை. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது, 2003-இல் சில்லறைக் கடையும் டாஸ்மாக் கைக்கே போனது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மது வருமானம் போனதற்காக வந்த விற்பனை வரி, வேறு பெயரில் இன்னும் நிற்கிறது; மது வருமானமும் திரும்பி வந்துவிட்டது.

1971-இல் எனக்கு இருபது வயது. பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். நெசவாளர் வீட்டுக் கணக்கு மாதச் சம்பளக்காரர் கணக்கு அல்ல. பத்து நாளோ இருபது நாளோ உட்கார்ந்து நெய்து, தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொடுக்கிற நாளில்தான் கூலி மொத்தமாகக் கைக்கு வரும். கோர்வைச் சேலை என்றால் கரை வாங்க ஒரு பையன் கூடவே உட்கார வேண்டும். நூல் சுற்றியது மனைவி, பாவு பிரித்தது வீட்டுப் பெரியவர்கள். ஆனால் கூலி வாங்கப் போகிறவர் ஒருவர். கடை திறந்த பிறகு எங்கள் தெருவில் சேலை அறுக்கிற நாளில் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு அக்கா பையனை அப்பாவோடு கூடவே அனுப்பி வைப்பாள், காசு வீடு வந்து சேர. அந்தப் பையன் பள்ளிக்கு வராத நாளை வைத்தே அவர்கள் வீட்டுச் சேலை முடிந்தது என்று தெருவுக்குத் தெரியும்.

அதனால் வீட்டுக் கள்ளை நான் இங்கே புகழ்ந்து பாட வரவில்லை. அந்த வாசலில் நின்ற பெண்களிடம் போய் பெரும்பாணாற்றுப்படை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

நொதித்த அரிசிக் கள்ளும் பீரும் மென்மையானவை. பீரில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 சதவீதம். டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம். நொதித்த பானம் தானாகவே ஓர் அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் ஈஸ்டே வாழாது. வடித்தால்தான் அந்த எல்லை தாண்டும். தடை இருந்த காலத்தில் மறைவிடத்தில் செய்கிறவன், ஒரு குடம் கள்ளைத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டான். அதே போதையை ஒரு பாட்டிலில் அடக்கப் பார்ப்பான். அப்படித்தான் வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் ஏரிக்கரைப் புதரில் புதைந்தது. தகர டிரம்மும் பானையும் அடுப்பேறின. பிழாவும் சாடியும் வெயிலில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். இந்த டிரம் இரவில் மட்டும் வெளியே வருகிற பாத்திரம்.

அதற்கும் அடுத்த படி இன்னும் மோசம். வடிக்கிற சிரமம்கூட இல்லாமல், தொழிற்சாலைக்கு வரும் மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து விற்பது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். செத்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள்.

வேதியியல் வாத்தியாராக இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். மெத்தனாலுக்கும் சாதாரண ஆல்கஹாலுக்கும் வாசனையில், ருசியில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் வெறும் போதைதான். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரை எடுக்கிறது. இதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் "நேற்றுக் குடித்தது இன்றைக்கு என்ன செய்யும்" என்று வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள். கண் மங்கினாலோ, பனி மூடின மாதிரித் தெரிந்தாலோ, வயிறு வலித்து வாந்தி வந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால் பிழைக்கலாம். போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கண்ணின் விலை.

நம் வீடுகளில் இந்த நொதிக்கும் கலை செத்துப்போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழுக்குக் கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பது அதே அறிவு. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி அதே அறிவு: அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி வெகு நேரம் ஆவியில் வேகவைப்பது. எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்பதை மடப்பள்ளியில் கடிகாரம் பார்த்துச் சொல்வதில்லை. மாவைப் பார்த்துச் சொல்கிறார்கள். உறுதியான வாயுள்ள அந்தச் சாடியும் ஜாடி என்ற பெயரில் ஊறுகாயோடு நம் பரணில் இருக்கிறது. கையின் அறிவு, கள்ளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டது.

இன்றைக்கும் தமிழ்நாட்டில் வீட்டில் கள் செய்வது சட்டப்படி குற்றம். அதை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையார்பாளையத்து வாசல்களை மறந்துவிட்டுக் கேட்க எனக்கு மனம் வராது. நான் கேட்பது இரண்டுதான். பெரும்பாணாற்றுப்படையின் அந்தப் பகுதியை வகுப்பில் வெட்கப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஊர் வழியில் நின்ற ஒரு பெண்ணின் விஞ்ஞானம் அதில் இருக்கிறது. அதே வகுப்பில், அதே பிள்ளைகளுக்கு, மெத்தனால் என்ன செய்யும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன், என்றைக்காவது ஒரு இரவு, தன் அப்பாவைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட அது போதும்.